உலக்கையைக் கழித்த வாத்தியார்

இனி உலக்கையைத் தொடுவதில்லை என்று ஒபிரி வாத்தியார் அந்தச் சனிக்கிழமை முடிவெடுத்தார்.

மதியம் சாய்ந்தால் கானா நாட்டுக் குமாசியில் முற்றத்துக்கு முற்றம் ஃபூஃபூ மாவு இடிக்கும் சத்தம் எழும். ஊருக்கே நெஞ்சு அடித்துக்கொள்வது போலிருக்கும். அன்று பார்த்து முடிதிருத்தும் பாஃபி அவரை டாமே என்னும் காய் நகர்த்தும் ஆட்டத்துக்கு அழைத்திருந்தான். போன தடவை தோற்றதைத் தெருவே சொல்லிச் சிரிக்கிறது. இன்று போகாவிட்டால் பயந்துவிட்டார் என்பார்கள். ஆனால் வேகவைத்த மரவள்ளியும் வாழைக்காயும் உரலருகே ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

வாத்தியார் கரித்துண்டை எடுத்தார். சுவரில் சமன்பாடு எழுதினார்.

"செர்வா, இங்க வா. வீட்டுல உன் வேலை எக்ஸ்."

"எக்ஸ்னா?" என்றாள் மனைவி.

"எவ்வளவுன்னு தெரியாத ஒண்ணு."

"நான் செய்யுற வேலை உங்களுக்குத் தெரியாதது. சரிதான். மேல சொல்லுங்க."

"என் வேலையும் எக்ஸ். கூடவே உலக்கை. எக்ஸ் கூட்டல் உலக்கை. ரெண்டு பக்கமும் சமமா வரணும்னா என் பக்கத்துலேர்ந்து உலக்கையைக் கழிக்கணும். நான் சொல்லல, கணக்கு சொல்லுது."

செர்வா சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது பேருக்குத் துணி வெட்டித் தைப்பவள்; வெட்டுமுன் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது பழக்கம்.

"ரெண்டு பக்கமும் இருக்கற எக்ஸ் ஒண்ணுதானா?"

"ஒரே சமன்பாட்டுல ஒரே எழுத்துக்கு ஒரே மதிப்புதான்."

"அப்ப மாத்திக்கிட்டாலும் தப்பில்ல?"

"துளிகூட இல்ல."

"சரி, உலக்கை எனக்கு. என்னோட எக்ஸ் உங்களுக்கு."

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். குழம்பு கொதித்தாயிற்று. பாத்திரம் கழுவியாயிற்று. எக்ஸ் கிட்டத்தட்டப் பூஜ்யம். "சம்மதம்" என்று சொல்லிச் செருப்பில் கால் நுழைத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? எக்ஸ் உரல்ல இருக்கு."

"உரல்லயா?"

"இத்தனை வருஷமா நீங்க இடிக்க, உள்ள கைவிட்டுப் புரட்டிக் குடுத்தது யாரு? உட்காருங்க."

உட்கார்ந்தார். கையை நனைத்து உரலுக்குள் விட்டார். செர்வா முந்தானைத் துணியை இறுக்கிக் கட்டி, தலைக்கு மேல் உலக்கையைத் தூக்கினாள். அது வானத்திலிருந்து வருவது போல வந்தது. வாத்தியாரின் கை தோள்வரை திரும்பி வந்துவிட்டது.

"கையை வைங்க."

"நீ பாத்துத்தானே இடிக்கற?"

"உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"என்னை எதுக்குப் பாக்கற? உரலைப் பாரு."

மறுபடி இறங்கியது. விரலுக்கும் உலக்கைக்கும் நடுவே ஒரு மூச்சுதான் இருந்தது. அதையும் வாத்தியார் விட்டுவிட்டார்.

"உனக்குப் பயமா இருந்ததே இல்லையா, செர்வா?"

"முதல் வருஷம் இருந்தது. அப்புறம் உங்க கை எனக்குப் பழகிடுச்சு."

வேலிக்கு அப்பாலிருந்து பாஃபியின் குரல் வந்தது: "வாத்தியாரே, காய் அடுக்கியாச்சு. வரீங்களா, வீட்டுலயே தோத்துட்டீங்களா?"

வாத்தியார் எழுந்து உலக்கையை வாங்கிக்கொண்டார். செர்வா முக்காலியில் அமர்ந்து கை நனைத்தாள். அடியும் கையுமாக ஒன்று மாற்றி ஒன்று வந்தன. மாவு பட்டுப்போலத் திரண்டது. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று வாத்தியாருக்குத் தெம்பு வந்தது.

"ஒரு சந்தேகம்" என்றாள் செர்வா, மாவைப் புரட்டியபடியே. "எழுத்துக்கு முன்னால ஒரு எண்ணு போட்டா என்ன அர்த்தம்?"

ஆர்வமாய்க் கேட்கிறாளே என்று வாத்தியார் குளிர்ந்துபோனார். "அதுக்குப் பேரு கெழு. அத்தனை மடங்குன்னு அர்த்தம்."

"அப்ப உலக்கைக்கு முன்னால ஒரு ரெண்டு போட்டுக்கங்க. என் தங்கச்சி வீட்டுலேர்ந்தும் எல்லாரும் சாப்பிட வராங்க."