பிரமிடு வாசலில் ஒரு மீன் பொட்டலம்

உயிரே போனாலும் இந்த வசந்தப் பண்டிகைக்கு ஃபசீக் சாப்பிட்டே தீருவது என்று ஃபிக்ரி முடிவு கட்டிவிட்டார். சாப்பிட்டால் உயிர் போகும் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். ரத்தக் கொதிப்பு. உப்பே ஆகாது. ஃபசீக்கோ உப்பிலேயே ஊறிக் கிடந்து நாறிப்போன மீன். அதை ரொட்டியோடும் வெங்காயத்தாளோடும் தின்னாமல் பண்டிகை கொண்டாடுகிறவன் கெய்ரோவில் மனுஷனே இல்லை என்பது ஃபிக்ரியின் கட்சி.

மூன்று வருஷமாக அந்த மீன் வீட்டுப் படியேறவில்லை. மனைவி தவ்லத் வாசலிலேயே மறித்துவிடுவாள். போன பண்டிகைக்கு, பக்கத்து வீடுகளிலிருந்து வந்த வாசனையை மொட்டை மாடியில் நின்று மோந்து பார்த்தபடி வெறும் ரொட்டியைக் கடித்தார் மனுஷர். குடிநீர் அலுவலகத்தில் ஒரு பிரிவையே அதட்டி ஆள்கிறவருக்கு வீட்டில் இந்தக் கதி.

யோசித்தார். வீட்டில் தின்றால் மூக்குள்ள எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியே எங்காவது தின்ன வேண்டும். தவ்லத் ஒரு இடத்துக்குள்ளே போய்க் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும், தான் மட்டும் வெளியே நிற்க வேண்டும். அப்படி என்ன இடம்? சட்டென்று பொறி தட்டியது. பிரமிடு.

"பண்டிகைக்கு எல்லாரும் பிரமிடு பாக்கப் போலாமா?" என்றார், தேநீரைக் கலக்கிக்கொண்டே.

முட்டைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த தவ்லத்தின் கை நின்றது. "யாரு, நீங்களா கேக்கறது? கல்யாணமானதுலேருந்து நான் கெஞ்சறேன். அது எங்க ஓடிப்போகுது, அங்கதானே உக்காந்திருக்குன்னு சொன்ன ஆளாச்சே."

"பாவம், எத்தனை நாளைக்குத்தான் தனியா உக்காந்திருக்கும்."

மகள் மயாதா ஒரு முட்டையில் மீசை வரைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பண்டிகைக்கும் வீட்டில் உள்ளவர்கள் முகத்தை முட்டையில் வரைவது அவள் வேலை. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. சின்ன வயசிலிருந்து பிரமிடுக்குள்ளே போக வேண்டும் என்று அப்பாவை நச்சரித்து, சலித்துப்போய்க் கேட்பதையே விட்டவள். தூரிகையைக் கீழே வைத்தாள்.

"பாபா, நிஜமாவா? உள்ள வரைக்கும் போலாமா? நீங்களும் வருவீங்கதானே?"

"பின்ன? நான் இல்லாமலா?"

தவ்லத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"உடம்புக்கென்ன. முதுகுதான் லேசா பிடிச்சுக்கிட்டாப்பல இருக்கு."

முதுகுவலிக்கு இப்போதே விதை போட்டாயிற்று. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்று முழுக்க அவருக்கு உள்ளூரச் சிரிப்பு.

மறுநாள் மீன் கடையில் ஊரே மொய்த்தது. ஆனாலும் கடைக்காரர் இவரைக் கண்டதும் தனியாக எடுத்து வைத்திருந்த மீனை நீட்டினார். என்ன மரியாதை. ஃபிக்ரி அதைச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இன்னொரு தாள் சுற்றி, காரின் டிக்கியில் மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

பண்டிகைக் காலையில் கார் நைல் பாலத்தைத் தாண்டுவதற்குள் வாசனை கிளம்பிவிட்டது. தவ்லத் மடியில் கூடையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ஏதோ நாத்தம் அடிக்கல?"

"ஒட்டகமா இருக்கும்."

"ஒட்டகமா? இன்னும் பாதி ஊரே தாண்டலையே."

"காத்து அந்தப் பக்கத்துலேருந்துதானே வீசுது."

"ஒட்டகம் மீன் திங்குமா பாபா?" என்றாள் மயாதா பின்னாலிருந்து.

"இந்தக் காலத்துல எது எதைத் திங்குதுன்னு யார் கண்டா?" என்று சொல்லி ஃபிக்ரி கண்ணாடியை இறக்கிவிட்டார். அம்மாவும் பெண்ணும் அதற்குப்பின் ஒன்றும் கேட்கவில்லை.

பிரமிடைச் சுற்றிப் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி இறங்கியதும் ஃபிக்ரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மாடி" என்றார்.

"என்னாச்சு?"

"முதுகு. உள்ளே குனிஞ்சே போகணுமாமே. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் வண்டிக்குக் காவலா இருக்கேன்."

மயாதா அவர் கையைப் பிடித்தாள். "மெதுவா போலாம் பாபா. நான் முன்னால போறேன், என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

"முடியலையேம்மா."

"பாதி தூரமாவது வாங்க. அடுத்த பண்டிகைக்கு நான் இங்க இருக்கமாட்டேன் பாபா."

ஃபிக்ரி போய்விடலாம் என்றுதான் ஒரு கால் எடுத்தும் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பாயில் ஒரு குண்டு மனிதர் மீனைப் பிரித்து எலுமிச்சம்பழம் பிழிந்தார். எடுத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

"போய்ட்டு வாம்மா. பிரமிடு எங்க ஓடிப்போகுது? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

மயாதா கையை விட்டாள். இருவரும் வாசல் இருக்கிற பக்கமாகத் திரும்பி மறைந்தார்கள். தவ்லத் கூடையையும் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே போகிறவளுக்குக் கூடை எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் புத்தி டிக்கிக்குள் கிடந்தது.

ஓடினார். முதுகுவலிக்காரர் சக்கரத்தை ஒற்றைக் கையால் தூக்கி வெளியே போட்டார். பொட்டலத்தைப் பிரித்தார். முதல் தாள். இரண்டாவது தாள். உள்ளே இருந்தது ஒரு முட்டை.

மஞ்சள் சாயம் பூசிய அவித்த முட்டை. அவருடைய மீசை, அவருடைய வழுக்கை. கண் இரண்டும் திருட்டு முழி முழித்தன.

அப்போதாவது பெண்ணைத் தேடிப் போயிருக்கலாம். பிற்பாடு அதை நினைத்து நினைத்து அவர் மாய்ந்துபோனார். ஆனால் அப்போது செய்தது என்ன? மீனைத் தேடினார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். விரிப்பை உதறினார். காருக்கு அடியில் படுத்தும் பார்த்தார். சட்டையெல்லாம் மண்ணான பிறகுதான் முட்டையும் கையுமாக வாசல் பக்கம் நடந்தார்.

அவர்கள் உள்ளே போகவே இல்லை. திரும்பியதும் முதல் கல்லிலேயே, நிழலில், அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கூடை. கூடைமேல் வெங்காயத்தாள், ரொட்டித் துணுக்கு, மீன் முள்.

"வாங்க," என்றாள் தவ்லத். "முதுகு தேவலையா?"

"அது... டிக்கியில இருந்துதானே நாத்தம்..."

"என் மடியிலேருந்து. நேத்து ராத்திரியே மாத்தியாச்சு."

"அப்ப கடைக்காரர் தனியா எடுத்து வச்சது?"

"நான் சொல்லி வச்சதுதான். பிரமிடு, முதுகுன்னு நீங்க ஆரம்பிச்சப்பவே விஷயம் புரிஞ்சுபோச்சு. உங்களுக்கு யார் எடுத்து வைப்பா? உப்பு கம்மியா உள்ளதாப் பாத்து வைங்கன்னேன். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். பண்டிகைக்கு ஒரு துண்டு தப்பில்லையாம்."

தவ்லத் மகளைக் கைகாட்டினாள்.

"இதெல்லாம் இவ யோசனை. பாபாவுக்கு மனசு கேக்காது, மீனை விட்டுட்டு நம்ம பின்னாலயே வந்துடுவாரு, வந்ததும் மூணு பேரும் சேர்ந்து சாப்பிட்டுட்டு சேர்ந்து உள்ள போலாம்னா. வரமாட்டாருன்னு நான் சொன்னேன். கேக்கலை. எவ்வளவு நேரம் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தோம் தெரியுமா?"

"இப்ப வரேன். வாம்மா, போலாம். முதுகெல்லாம் சரியாயிடுச்சு."

"டிக்கெட் தீந்துபோச்சு பாபா," என்றாள் மயாதா. "உள்ள இத்தனை பேர்தான் விடுவாங்களாம். பரவால்ல."

அந்தப் 'பரவால்ல'வை அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பார். பிரமிடு எங்கேயும் ஓடிப்போகாதுதான். ஓடிப்போவது இந்தப் பெண். இது ஏன் காலையில் தன் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டையைக் காட்டி, "மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாப் போட்டுட்ட," என்றார். அவள் லேசாகச் சிரித்தாள். அதுவே அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தலையைக் குனிந்தார். குனிந்த கண் தானாகவே கூடைப் பக்கம் போனது. தவ்லத் அதையும் பார்த்துவிட்டாள்.

"உங்க பங்கா? எடுத்துத்தான் வச்சிருந்தோம். இப்பதான் அதோ, அந்த ஒட்டகக்காரருக்குக் கொடுத்தேன். பாவம், அவருக்கு நிஜமாவே முதுகுவலியாம்."