மங்கலம் பக்கம் திரும்பிய ஆன்டெனா

இனி இந்த வீட்டுக்குள் கேபிள் வயர் நுழையாது என்று மூக்கையா அறிவித்தபோது கூட்டத்தில் இருந்தது ஒரே ஆள். அவர் மனைவி பொன்னாத்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. தன் பேச்சின் பலன் என்று மூக்கையா எடுத்துக்கொண்டார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மூக்கையா தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, பனியன் கம்பெனி வாசல்களில் கோஷம் போட்டே தொண்டை கட்டியவர். துண்டறிக்கை படித்தே படிப்பாளி ஆனவர். கூட நின்ற தோழர்கள் லேபர் கான்ட்ராக்டர் ஆனார்கள், கார் வாங்கினார்கள், அதில் ஏறிப் போகையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். மூக்கையா மட்டும் மூக்கையாவாகவே இருந்தார். வேலாயுதம்பாளையம் பக்கம் பிறந்த பொன்னாத்தாளைச் சங்கக் கூட்டத்தில் பார்த்து, சாதி பாராமல் கட்டிக்கொண்டார். அவர் போராட்டங்களில் முழு வெற்றி பெற்றது அது ஒன்றுதான்.

இப்போதைய சண்டை கேபிள்காரன் முருகேஷோடு. அவன் பேக்கேஜை மாற்றியதில் மூக்கையா பார்க்கும் செய்திச் சேனல் போய்விட்டது. பொன்னாத்தாளின் சீரியல் தப்பித்துக்கொண்டது.

"வேண்டாத சைஸையெல்லாம் கலந்து கட்டி, வேண்டிய சைஸ எடுத்துட்டுப் பெட்டி போடுறான். எக்ஸ்போர்ட்டுல கூட இந்த அநியாயம் கெடையாது" என்றார் மூக்கையா. கட்டிங் மாஸ்டராக இருந்த காலத்துக் கத்திரியை எடுத்தார். வயர் துண்டானது.

"இப்பப் படத்துக்கு என்ன பண்றதுங்க?"

"ஆகாயம் எவன் அப்பன் வீட்டுச் சொத்து? கொடைக்கானல் மலையில டவர் நிக்குது. அலை சும்மா வருது. நல்ல ஆன்டெனா வச்சாப் புடிச்சிரலாம்."

"அலையப் புடிக்கறதுங்களா?"

"ஆமா."

"அப்ப நெம்ப அலையோணுமுங்க. வெயிலா இருக்குது, தலைக்குத் துண்டு போட்டுட்டுப் போங்க."

அதோடு விட்டிருக்கலாம். மூக்கையா முனைக்கடைக்குப் போய் சாக்பீஸ் கேட்டு வாங்கி, சங்கப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ஞாயிறு மாலைச் செய்தி. என் வீட்டில். கேபிள் இல்லாமல். அனைவரும் வருக.' முருகேஷ் அதை நின்று படித்துவிட்டு, பைக்கை உதைத்துக்கொண்டு சிரித்தபடி போனான். முருகேஷின் அப்பன் அந்தக் காலத்து வேலைநிறுத்தத்தில் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனவன். அவன் மகன் முன்னால் தோற்பதா?

பழைய எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆன்டெனா என்றதும் கடைக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அந்த டவரையெல்லாம் ஒண்ணொண்ணா நிறுத்தீட்டாங்கன்னு சொல்றாங்களே, சாமி."

"அப்படித்தான் சொல்லுவானுக. கேபிள்காரன் கட்டிவிட்ட புரளி."

வாங்க வந்தவரை மறுத்துப் பேசுகிற வியாபாரி இல்லை அவர். பரணிலிருந்து தூசியோடு இரண்டை இறக்கினார். "இது குட்டைங்க. கம்பி கம்மி. கிட்டத்து டவருக்கு ஆகும். இது நீட்டமுங்க, கம்பி ஜாஸ்தி. தொலைவுல இருந்து இழுக்கும். ஆனா ஒரே பக்கந்தான் பாக்கும். அக்கம்பக்கம் திரும்பாது."

மூக்கையாவுக்கு அந்த நீளமானதை உடனே பிடித்துப்போயிற்று. ஒரே பக்கம், ஒரே கொள்கை. கம்பி கூடினால் பலம் கூடும் என்பதும் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதுதான். அலைக்கு வலு கூட்ட ஒரு பூஸ்டரும் சேர்த்து வாங்கினார்.

"பூஸ்டருங்களா?" என்றாள் பொன்னாத்தாள். "அதுதான் கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு பேருமே போட்டுட்டமுங்களே."

ஞாயிறு மாலை மூக்கையா மொட்டை மாடியில் பைப்பைக் கட்டிப்பிடித்து நின்றார். வீதியில் கூட்டம். முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஆத்தப்பனும் அவன் மனைவி சித்ராதேவியும். டிவி முன்னால் பொன்னாத்தாள், சன்னலோரம்.

"தெரியுதா?"

"நோ சிக்னல்னு எழுத்து வருதுங்க."

"எழுத்து வருதுல்ல? அப்ப அலை எறங்கிருச்சு. எழுத்து தெளிவா இருக்கா?"

"நெம்பத் தெளிவுங்க."

மூக்கையா உற்சாகமாகத் தெற்கே திருப்பினார். எழுத்து அசையவில்லை. பல்லடம் பக்கம் திருப்பினார். எழுத்துதான். வியர்வை முதுகில் வழிந்தது. கீழே யாரோ கொட்டாவி விட்டார்கள். பலகையில் எழுதியதை அழிக்க இனி மழை வந்தால்தான் உண்டு.

"இப்ப?"

அவள் சன்னலைவிட்டு உள்ளே போயிருந்தாள். பிறகு அவள் குரல் அவசரமாக வந்தது. "இருங்க, ஏதோ மங்கலா..." அதற்குள் ஒரு லாரி ஹாரன் மீதியை விழுங்கிவிட்டது.

"மங்கலமா? அது மேற்கால்ல இருக்கு?"

என்றாலும் கட்டளை கட்டளைதான். ஆன்டெனாவை மங்கலம் பக்கம் முழுசாகத் திருப்பினார்.

"வந்திருச்சுங்க. ஆட்டாதீங்க. அப்படியே உட்டுட்டு எறங்கி வாங்க."

கண்ணாடி போல் படம். அதுவும் அவருடைய அதே செய்திச் சேனல். கூட்டம் கைதட்டியது. மூக்கையா துண்டால் முகத்தைத் துடைத்து, கொடைக்கானல் அலை மங்கலத்து விசைத்தறிக் கூரைகளில் மோதி எப்படித் திரும்பி வருகிறது என்று விளக்கினார். தறிச்சத்தத்தில் அலைக்கு வேகம் கூடுகிறது என்று ஒரு வரி சேர்த்தார். யாரும் எதிர்க்காததால் அதுவே அறிவியல் ஆனது.

மறுவாரம் ஆத்தப்பனும் ஓர் ஆன்டெனா வாங்கி வந்துவிட்டான். செல்போனிலேயே படம் பார்த்துக் கேபிள் காசை மிச்சம் பிடிக்கிற ஆள். "அண்ணா, நீங்கதான் வந்து திருப்பிக் குடுக்கோணும்."

மூக்கையா கம்பீரமாக ஏறி, நேரே மங்கலம் பக்கம் வைத்தார். கீழே சித்ராதேவி, "இல்லீங்கண்ணா" என்றாள். எல்லாப் பக்கமும் சுற்றியாகிவிட்டது. ஆத்தப்பன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆன்டெனா மங்கலத்துக்கு நேர் எதிரே ஊத்துக்குளியைப் பார்த்து நின்றபோது, "வந்திருச்சுங்கண்ணா" என்று குரல் வந்தது.

மறுபடி கைதட்டல். ஆனால் மூக்கையாவின் மனசுக்குள் ஒரு முள். ஊத்துக்குளியில் தறி ஏது? அந்த ஊருக்குப் பேர்போன வெண்ணெயில் மோதியா அலை திரும்பும்?

வீட்டுக்கு வந்தவர் யாருக்கும் சொல்லாமல் மாடி ஏறினார். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்க வேண்டிய வயர் இப்போது இறங்கவில்லை. அதைக் கழற்றிக் கைப்பிடிச் சுவர் வரை இழுத்து ஆணியில் கட்டியிருந்தது. அதில் அவருடைய பனியன்கள் நான்கும் பொன்னாத்தாளின் சேலை ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தன. கீழே டிவியில் செய்தி தங்குதடையின்றிப் போய்க்கொண்டிருந்தது.

மூக்கையா படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முருகேஷ் எப்ப வந்தான்?"

"நீங்க மேல நின்னப்பவேதானுங்க. வெட்டுன வயர ஒட்டிக் குடுத்துட்டுப் போனான்."

"எந்த வாசல் வழியா?"

"பின்வாசலுங்க. அவிங்க ஊட்டு வழக்கம் அப்படித்தானுங்களே."

"போராட்டம் நடக்கும்போதே நிர்வாகத்தோட பேச்சுவார்த்தையா? தலைவருக்குத் தெரியாம?"

"சும்மா பேசலீங்க. உங்க நியூஸ் சேனலச் சேத்துப் போட்டாத்தான் வயர ஒட்டோணும்னேன். மொணகீட்டே ஒத்துக்கிட்டான்."

மூக்கையா டிவியில் ஓடிய தன் சேனலைப் பார்த்தார். வைத்த கோரிக்கை முழுசாக நிறைவேறியிருந்தது. அவர் தலைமையில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

"ஆத்தப்பன் வீட்டுல?"

"சித்ராதேவி பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போயிட்டு வந்து ஒரு படம் பாக்கோணும்னு ஏங்குது. அவன் கேபிள் போட உட மாட்டீங்கறான். நீங்க மேல திருப்புறப்பவே அந்தப் புள்ள தன் சம்பளத்துல முருகேசுகிட்டச் சொல்லிக் கேபிள் போட்டுக்கிச்சுங்க."

"இது ஏமாத்து வேலை. நாளைக்கே பலகையில உண்மைய எழுதப் போறேன்."

"எழுதுங்க. உங்க கொள்கை, நானென்ன சொல்றது? சாக்பீஸ் எடுத்தாரட்டுங்களா?"

அவள் நிஜமாகவே எழுந்தாள். மூக்கையா பலகையை நினைத்தார். கைதட்டலை நினைத்தார். முருகேஷின் சிரிப்பையும் நினைத்தார். "மொதல்ல காப்பி போடு" என்றார்.

காப்பி வந்தது, அவருக்குப் பிடித்தபடி சர்க்கரை தூக்கலாக. பாதி குடிப்பதற்குள் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஆத்தப்பன் எட்டிப் பார்த்தான். "அண்ணா, அவிநாசியில எம்பட மச்சான் ஒரு ஆன்டெனா வாங்கிப்போட்டான். நாளைக்குக் காத்தால வந்து திருப்பிக் குடுக்கோணுமாமா."

மூக்கையா வாயைத் திறப்பதற்குள் பொன்னாத்தாள், "வந்துருவாருங்க தம்பி" என்றாள். ஆத்தப்பன் தலை மறைந்ததும் அவர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்:

"சாயங்காலமாப் போங்க. முருகேசு மத்தியானத்துக்கு மேலதான் அந்தப் பக்கம் வயர் இழுக்கறானாமா."