மூன்றாம்பந்தியாருக்கு அசோகா

என் குடும்பப் பெயரின் மானத்தை ஒரு நாளாவது காப்பாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். மகன் பிரபுவுக்கு அன்று குத்தாலத்தில், பெண் வீட்டில், நிச்சயதார்த்தம். பத்திரிகையில் 'பஞ்சநதம் மூன்றாம்பந்தியார்' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் காரணம் கேட்காமல் விடமாட்டார்கள்.

காரணம் இரண்டு உண்டு. என் அப்பா சொன்னது: எங்கள் தாத்தா ஊருக்கே சோறு போட்டு, எல்லோரும் எழுந்த பிறகு மூன்றாம் பந்தியில்தான் உட்காருவார். என் மனைவி மங்களாம்பிகை சொல்வது: முதல் இரண்டு பந்தியிலும் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதில் கையும் இலையுமாகப் பிடிபட்டார்.

காரில் மெதுவாகக் கேட்டேன்.

"மங்களம், இன்னிக்கு மட்டும் எங்கப்பா கதையைச் சொல்லேன்."

"சரிங்க."

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையிலேயே அவள் சரி என்றது அன்றுதான். அப்போதே நான் காரிலிருந்து குதித்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. விருந்தில் திருவையாற்று அசோகா அல்வாவும் இருக்கிறது. அல்வா இருப்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

முதல் பந்திக்கு இலை போட்டார்கள். சம்பந்தி இளையபெருமாள் என்னை உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்.

"அதென்னங்க, மூன்றாம்பந்தியார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மங்களம் முந்திக்கொண்டாள்.

"அது பெரிய தியாகமுங்க சம்பந்தி. இவங்க வம்சத்துல ஆம்பளைங்க ஊரே சாப்பிட்டு முடிக்காம இலையில உட்கார மாட்டாங்க."

"இந்தக் காலத்துலயுமா?"

"இவங்க இன்னும் மோசம். இனிப்பைத் தொடக்கூட மாட்டாங்க. நீங்க உபசரிச்சதால கூச்சப்பட்டு உட்கார்ந்துட்டாங்க."

இளையபெருமாள் கண்கலங்கி என் இரண்டு கையையும் பிடித்தார். பிடித்த கையோடு எழுப்பினார். பந்திக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் கூச்ச சுபாவி. சிரித்தேன்.

முதல் பந்தியில் அசோகா, நெய் வழிய, என்னைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதிலும் போயிற்று. ஒரு மாமா மூன்று முறை கேட்டு வாங்கினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பந்தியில் மங்களத்தின் பக்கத்தில் என் இலை. அசோகா வாளி வந்தது. என் இலையைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தது. வெட்கத்தை விட்டேன்.

"சம்பந்தி! அதெல்லாம் பொய்ங்க! எங்க தாத்தா பெரிய சாப்பாட்டு ராமன். மூணு பந்தியிலயும் திருட்டுத்தனமா உட்கார்ந்து தின்னவர். நானும் அதே ரத்தம்தான். ஒரு கரண்டி போடச் சொல்லுங்க!"

மங்களம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா சம்பந்தி? பெருமையா நாலு வார்த்தை சொன்னா இவங்களுக்குப் பொறுக்காது. உடனே தன்னைத்தானே தாழ்த்திக்குவாங்க."

"இப்படியும் ஒரு மனுஷரா!" என்று உருகிய இளையபெருமாள், வாளியை அவள் இலைப்பக்கம் திருப்பினார். அவள் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

தியாகிக்கு ரசம் ஊற்றினார்கள்.