வெற்றிடத்துக்குள் ஒரு சந்தனப் பொட்டு

பயம் வந்தால் படித்த படிப்புதான் முதலில் ஓடிப்போகும். என்னுடையது ஓடியதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

பதுளையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் கலத்துக்குள் ஒரு செப்புத் துண்டில் மின்பொறி பற்றவைப்போம். அதிலிருந்து மின்னேறிய செப்பு அணுக்களான அயன்கள் சீறிப் பாயும். குறுக்கே ஒரு வலை வைத்து, எவ்வளவு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அவை நின்றுவிடுகின்றன என்று பார்த்தால் அவற்றின் சக்தி தெரிந்துவிடும். (நமுனுகுல மலை ஏற்றத்தில் பஸ் எங்கே திணறுகிறது என்று பார்த்து இன்ஜினை எடைபோடுவோமே, அதே கதைதான்.) அன்று கொழும்பிலிருந்து பேராசிரியை மேடம் வருகிறார். அளவு சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

காலையிலேயே, தேயிலை ஃபெக்டரியில் மெசின் ஓட்டும் அப்பா போன் பண்ணினார்.

"மெசினுக்குப் பொட்டு வச்சியா தம்பி?"

"அப்பா, இது தேயில அரைக்கிற மெசின் இல்ல."

"எந்த மெசினா இருந்தா என்னா? வைக்காட்டி மொரண்டு புடிக்கும்."

சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே வைத்தால் மேடம் பார்த்துவிடுவார். ஆகவே கலத்தைத் திறந்து, செப்புத் துண்டுக்குப் பக்கத்திலேயே சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். (வெற்றிடத்தின் தூய்மை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அதே கைதான்.)

மேடம் வந்தார். பம்பு இரைந்தது. காற்றழுத்தம் இறங்கவே மாட்டேன் என்றது. ஒருவழியாகப் பொறியைப் பற்றவைத்தோம். பாய்ந்து வரவேண்டிய அயன்கள் பாதி மின்னழுத்தத்திலேயே படுத்துவிட்டன. என் வேலையும் கூடவே படுத்துவிட்டது என்று நினைத்தேன்.

"உள்ள ஏதோ ஈரம் இருக்கு. தொறங்க."

திறந்தேன். கோயில் வாசனை.

"இது என்ன?"

"பொட்டு, மேடம்."

"யாருக்கு?"

"மெசினுக்கு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். தோள் மட்டும் குலுங்கியது. "இதோட ஈரம் ஆவியாகி, அதுலதான் உங்க அயனெல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது. சுத்தமாத் தொடச்சிட்டு நாளைக்குக் காட்டுங்க."

மறுநாள் அயன்கள் ஒழுங்காகப் பாய்ந்தன. வேலையும் பிழைத்தது. அப்பாவிடம் மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்; அவர் ஊருக்கே சொல்லிவிட்டார்.

என் கல்யாணத்தில், குங்குமத்தைத் தொட்டு மணப்பெண்ணின் நெற்றிக்குக் கொண்டுபோனேன். மேளம் ஓய்ந்த நேரம் பார்த்து அப்பா கத்தினார்:

"தம்பி, வெளியில வை!"

மண்டபமே சிரித்தது. இன்றும் என் மனைவி பொட்டு வைத்த கையோடு என் பக்கம் திரும்பிக் கேட்பாள்: "வெளியிலதானே இருக்கு?"