ஹெம்புக்கு விளக்கம் சொன்ன மாப்பிளை

ஒரு ஊரில ஒரு மாப்பிளை இருந்தானாம். ஊர் சாய்ந்தமருது. மாப்பிளை நான்தான். காலம், போன செவ்வாய்க்கிழமை.

சின்ன வேலை. கல்முனைக் கூரியர் கடையில ஒரு பார்சல் எடுக்கணும். வாப்பாட முழங்காலுக்கு லண்டன் மச்சான் அனுப்பின களிம்பு.

ஆனா அந்தக் கிழமை ஊர் முழுக்க என்னைப் பத்தி விசாரிச்சிட்டிருந்தாங்க. மருதமுனைச் சம்பந்தம். மாப்பிளை எடுக்க முதல் பொண்ணு வீட்டார் பள்ளிவாசல், சலூன், தேத்தண்ணிக் கடை எண்டு ஒரு இடம் விடாமக் கேப்பாங்க. உம்மாக்குப் புள்ளைய நல்லாப் பிடிச்சிருந்திச்சு. போட்டோ பாத்த எனக்கு அதவிட.

"ஒரு கிழமைக்கு வாயத் திறக்காத. மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்" எண்டா உம்மா.

நான் சாதாரணமாவே வாய் திறக்காத ஆள்.

கவுண்டர் அக்கா பார்சலத் தூக்கினா. உறை கிழிஞ்சிருந்திச்சு. உள்ள டப்பா மூடியில, பச்சைப் பசேலெண்டு ஏழு விரல் இலை!

வரிசையில நிண்டவங்க எல்லாரும் எட்டிப் பாத்தாங்க.

"இது கஞ்சா இல்ல!" எண்டன், ஒருத்தரும் கேக்காமலே.

"அப்ப என்ன தம்பி?" எனக்குப் பின்னால தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

"ஹெம்ப், மாமா. ரெண்டும் ஒரே செடிதான். போதைச் சத்து அளவுக்குக் கீழ இருந்தா ஹெம்ப், கூடினா கஞ்சா. லண்டன் சட்டம் அப்பிடித்தான் பிரிக்குது."

"இலையப் பாத்துப் பிரிக்கேலாதா?"

"ஏலா. இலை ஒண்டுதான்."

"மணத்துல?"

"மணமும் ஒண்டுதான் மாமா!"

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மச்சான் வொய்ஸ் நோட்டில சொன்னது. ஆனா வாயில வந்தது: "கூட்டாளிமார் சொல்லுவாங்க."

அக்கா பார்சலத் திருப்பிக் காட்டினா. "தம்பி, கொழும்புக் கஸ்டம்ஸில பாத்து சீல் குத்தித்தான் வந்திருக்கு. எனக்கு உங்கட அடையாள அட்டை மட்டும் போதும்."

குடுத்தன். பேரையும் ஊரையும் சத்தமா வாசிச்சா.

பெரியவர் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் துடைச்சார்.

"நான் மருதமுனைப் புள்ளைட பெரியப்பா. ஒரு கிழமையா உங்களத்தான் விசாரிக்கன். நல்ல பொடியனாம். சிகரெட்டும் இல்லையாம்."

"ஓம் மாமா."

"கஞ்சாவ மட்டும் ஒருத்தரும் சொல்லல்ல."

ஹெல்மட்டப் போட்டார். போயிட்டார்.

களிம்பு நல்ல களிம்பு. இண்டைக்கு வாப்பா மருதமுனைக்கு நடந்தே போறார், மகன் அப்பிடிப்பட்டவன் இல்ல எண்டு சொல்ல.

ஆதாரத்துக்கு டப்பாவையும் கையில எடுத்துக்கிட்டு.