கடைசி விலை

"மெய்யியல் படிச்ச பிள்ளை என்னத்தை வெட்டி விழுத்தப் போகுது, ரீச்சர்?"

நெல் வியாபாரி ஏரம்பு வாசலில் நின்றபடிதான் கேட்டார். உள்ளே வந்தால் மதித்ததாகிவிடும். சட்டைப் பையிலிருந்து ஒரு நெல்மணியை எடுத்துக் கடித்து, உமியைக் கல்லூரிப் படியிலேயே துப்பினார். வீதிக்கு எதிர்ப்பக்க நெற்களஞ்சியம் அவருடையது.

கமலாசனி பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து அரசாங்கக் கம்பஸைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு வரலாறும் மெய்யியலும் படிப்பிக்கவென்று கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்தவள். கிளிநொச்சியில் ஒரு பழைய உரக்கடையை வாடகைக்கு எடுத்து, கழுவி, கலைக்கல்லூரி என்று பலகை மாட்டியிருந்தாள். உரம் இன்னும் மணத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் சேராவிட்டால் பதிவு ரத்து. பதினொரு பேர் இருந்தார்கள்.

"கதை கேக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பினமோ? சலூனில சும்மா கேக்கலாம்" என்றார் ஏரம்பு. திரும்பியவர் நின்றார். "அது சரி, எவ்வளவு எடுக்கிறியள்?"

சொன்னாள்.

"அம்மாடி!" நெஞ்சில் கைவைத்தபடியே வீதியைக் கடந்தார்.

அந்த 'அம்மாடி' சந்தைவரை போய்விட்டது. மாலைக்குள் ஊரெல்லாம் ஒரே கதை: காசு பிடுங்குகிற கம்பஸ்.

கமலாசனி கட்டணத்தைப் பாதியாக்கி, வாசற்பலகையில் தானே எழுதினாள்.

மறுநாள் ஏரம்பு பலகையை அண்ணாந்து பார்த்தார். "பாதி விலையோ? அப்ப பதராத்தான் இருக்கும்."

அன்றே மாணவி பிரஷாந்தினியின் தாய் வந்தாள். "குறை நினையாதேங்கோ ரீச்சர். நாளைக்குக் கலியாணம் பேசேக்க, மலிவுக் கம்பஸில படிச்சவள் எண்டு கதை வரப்படாது."

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்து.

விலையும் ஆகாது, மலிவும் ஆகாது என்றால் மிடுக்குத்தான் வழி. கமலாசனி நான்கு மாணவர்களுக்குக் கழுத்துப்பட்டி கட்டி, கையில் கோப்புகளைக் கொடுத்து, இரண்டு மோட்டார் சைக்கிள்களில் ஸ்கந்தபுரத்துக்கு அனுப்பினாள். வீடுவீடாகப் போய்க் கல்லூரியைப் பற்றி விளக்க வேண்டும்.

கழுத்துப்பட்டியும் கோப்பும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக வந்தால் அது நுண்கடன் வசூல்காரன்தான் என்பது வன்னியில் குழந்தைக்கும் தெரியும். முதல் வீட்டில் கதவு சாத்தப்பட்டது. இரண்டாம் வீட்டில், "அம்மா இல்லையாம்" என்று ஒரு பிள்ளை சொன்னது. சொல்லிக்கொடுத்த குரல் குசினிக்குள்ளிருந்து கேட்டது. மூன்றாம் வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

அந்த நால்வரில் ஒருவனான செந்தூரன் திரும்பி வந்தபோது கழுத்துப்பட்டி இருந்தது. காற்சட்டையின் பின்பக்கம் இல்லை.

"நான் வாயைத் திறக்க முதலே ஒரு அம்மா அழத் தொடங்கீற்றா, ரீச்சர். இந்தக் கிழமை கட்ட ஏலாதாம், அடுத்த கிழமை வரட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"சரியம்மா, அடுத்த கிழமை வாறன் எண்டனான்."

அன்று மாலையே அவனுடைய தாய் அவனைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டாள். ஒன்பது.

வெள்ளிக்கிழமை ஏரம்பு வந்தார். இந்த முறை உமியைத் துப்பிவிட்டு நேரே உள்ளேயே வந்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார். கதிரையை ஆட்டிப் பார்த்தார்.

"உழுத்துப்போன உக்கல் மேசை. பிள்ளையளும் ஒன்பதுதானாம். இப்ப எவ்வளவு?"

கமலாசனிக்குள் ஏதோ அறுந்தது. எப்படியும் பூட்டப்போகிற இடம், மானத்தோடு பூட்டலாம். தூரிகையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாதி விலையை அடித்துவிட்டுப் பழைய கட்டணத்தை இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் எழுதினாள்.

"இதுதான். ஒரு சதம் குறையாது. ஏலாத பிள்ளையள் ஏலுற நேரம் கட்டட்டும், அது எனக்கும் அவையளுக்கும் உள்ள கதை. வேலை எடுத்துத் தருவன் எண்டு நான் ஆருக்கும் சொல்லேல்ல. ஆர் என்ன சொன்னாலும் ஏன் எண்டு கேக்கப் பழக்குவன். அது வேண்டாமெண்டா உங்கட மூட்டையளுக்குப் பக்கத்திலயே போய் இருங்கோ!"

பின்னாலேயே வெளியே வந்த ஏரம்பு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கடைசி விலையோ?"

"கடைசி விலை!"

திரும்பி வீதியைக் கடந்து போய்விட்டார்.

கமலாசனி பூட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மூன்று பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் ஏரம்புவின் மகள் வினோஜா. மற்ற இருவரும் அவருடைய தம்பியின் பிள்ளைகள். மூவர் கையிலும் புதுக் கொப்பிகள். வினோஜா மூவருக்குமான கட்டணத்தை, முழுதாக, அந்த உக்கல் மேசையில் வைத்தாள்.

கமலாசனி காசைத் தொடவில்லை. "உங்கட அப்பா ஊரெல்லாம் இந்தக் கல்லூரி பழுதெண்டெல்லே சொல்லித் திரியிறார்?"

வினோஜா சிரித்தாள்.

"அப்பா நல்ல நெல்லைத்தான் மூண்டு தரம் பழுதெண்டு சொல்லுவார், ரீச்சர். பழுதான நெல்லெண்டா திரும்பியும் பாக்கமாட்டார்."