ஹாப்குட்டின் இடுப்புப் பிடிப்பு

தனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒபதையா ஹாப்குட் திங்கட்கிழமை காலை, அவித்த முட்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்தார். மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. டிட்டன்ஃபோர்டு கடைத்தெருவில் இருந்த அவருடைய மருந்துக்கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. வாடிக்கைக்காரர்களிடம் அதை ஆய்வுக்கூடம் என்று சொல்வார். உள்ளே ஆய்வுக்கென்று ஒரு குதிரைமயிர் சோபா, ஒரு புகையிலை ஜாடி, அணையாத கணப்பு. சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவார். ஆய்வுச் சத்தம் கடை வாசல்வரை கொர் கொர்ரென்று கேட்கும். கல்யாணமான நாளாக அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த அறையைத்தான் அவர் மனைவி டாமரிஸ், முட்டைக்கும் தேநீருக்கும் நடுவில் கேட்டாள்.

"எங்கம்மா வியாழக்கிழமை வராங்க. பின்னறைய ஒழிச்சுக் குடுத்துடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பூனையையும் தூக்கிட்டு வராங்க."

ஹாப்குட்டுக்குப் புரிந்துவிட்டது. பூனையோடு வருகிறவர்கள் திரும்பிப் போவதில்லை.

"மாடியில படுத்துக்கட்டுமே."

"அவங்களால படி ஏற முடியுமா? மூட்டுல பிடிப்பு."

"நம்ம கஷாயத்தை ரெண்டு கரண்டி குடுத்தா மானா ஓடுவாங்க."

டாமரிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மாவுக்கா?" என்றாள்.

அந்தக் கஷாயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ஹாப்குட் கஷாயம்' சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். ஆல்ப்ஸ் மலைத் துறவி ஒருவர் சாகும் தறுவாயில் அருளியது என்று வாரப் பத்திரிகையில் விளம்பரம் வரும். உண்மையில் அதில் இருந்தது பேதிக்குக் கொடுக்கும் மூசாம்பரமும் ரேவல்சின்னியும், கருப்பு வெல்லப்பாகு, மீதிக்குக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். பாட்டில் கழுத்தில் அரசாங்க வில்லை ஒட்டியிருக்கும். வரி கட்டியதற்கு அடையாளம், வேறொன்றுமில்லை. ஆனால் மகாராணியே ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தலையாட்டியதாக ஊர் நம்பியது. ஹாப்குட் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. விளம்பரத்தில் போடும் நன்றிக் கடிதங்களையும் அவரே எழுதிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் கேட்டு உருகி வந்த வேகத்தில், பாட்டிலின் மேல்தாளில் இப்படி அச்சடிக்கக் கொடுத்தார்: 'ஒரே கரண்டி. இடுப்பு பிடித்துப் படுத்தவர் எழுவார். தன் படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பார்.'

ஊரில் அந்தக் கஷாயத்தைக் குடிக்காதவர் ஒருவரே. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தவரும் அவர் ஒருவரே. அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் பின்னறையிலிருந்து "ஐயோ, அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. டாமரிஸ் போய்ப் பார்த்தாள். ஹாப்குட் சோபாவில் கோணலாகக் கிடந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"இடுப்பு. கீழே விழுந்த மூடியைக் குனிஞ்சு எடுத்தேன். அப்படியே பிடிச்சுக்கிச்சு."

"மெதுவா எந்திரிங்க, மாடிக்குப் போயிடலாம்."

"அசைக்காதே. அசைச்சா உயிர் போயிடும். கிடந்த இடத்துலயே கிடக்கணும், டாமரிஸ். நான் மருந்துக்காரன், எனக்குத் தெரியாதா?"

"எத்தனை நாளைக்கு?"

"உங்கம்மா போற வரைக்கும் ஆகலாம்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, கோடை போற வரைக்கும்."

டாமரிஸ் சண்டை போடவில்லை. கம்பளியைப் போர்த்திவிட்டாள். மாட்டிறைச்சி சூப் கொண்டுவந்து ஊட்டினாள். புகைக்குழாயில் புகையிலைகூட அடைத்துக் கொடுத்தாள். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அவரோ சூப்பை உறிஞ்சிக்கொண்டு, கோடை முழுவதும் இப்படியே போகும் என்று கணக்குப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை டாமரிஸ் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ரொட்டிக்கடை, தண்ணீர்க் குழாயடி, தேவாலயத்துப் பெண்கள் தைக்கக் கூடும் இடம் என்று ஒன்று விடாமல் போனாள். போன இடமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சந்தை. பத்து மணிக்குப் பின்னறைக் கதவு திறந்தது. ஹாப்குட் அவசரமாகக் குழாயைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டு முனகினார். வாசலில் டாமரிஸ் நின்றாள். அவளுக்குப் பின்னால் கடை நிறைய ஜனம். பன்றி விற்க வந்தவர்கள், முட்டைக்காரிகள், தேவாலயத்துப் பெண்கள். எல்லோருக்கும் முன்னால், ஆறு வருடமாகக் கஷாயம் வாங்கிக் குடிக்கும் பெக்லர் அம்மாள், கையில் வாத்தோடு.

"அடப் பாவமே," என்றாள் பெக்லர் அம்மாள். "அவருக்கேவா? கஷாயம் குடிச்சாரா?"

"அதைத்தாங்க நானும் கேட்கிறேன்," என்றாள் டாமரிஸ். "வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, தனக்குன்னா ஒரு சொட்டு எடுத்துக்க மாட்டேங்கிறார். அவ்வளவு தியாகம்."

"தியாகமா, பயமா?" என்றான் பின்னாலிருந்து ஒரு பன்றிக்காரன்.

ஹாப்குட் தலையைத் திருப்பினார். திறந்த கதவுகளின் வழியே எதிர்ச்சாரி தெரிந்தது. அங்கே பெல்லமி, போட்டிக் கடைக்காரர், தன் வாசல்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணாடிக் குடுவைகளில் சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் பளபளத்தது.

"இது வேற மாதிரி இடுப்பும்மா," என்றார் ஹாப்குட். "கஷாயம் கேட்காது."

"இந்த இடுப்பு, அந்த இடுப்புன்னு தாள்ல போடலையே," என்றாள் பெக்லர் அம்மாள். அவள் குரல் மாறிவிட்டது. "எனக்கு எந்த இடுப்புன்னு பார்த்தா வித்தீங்க?"

டாமரிஸ் பாட்டிலைத் திறந்தாள். சூப் ஊட்டிய அதே கரண்டி. இல்லை, பெரியது.

"டாமரிஸ், கொஞ்சம் யோசி," என்று அவர் ரகசியமாகச் சொன்னார்.

"நான் திங்கட்கிழமையே யோசிச்சுட்டேங்க," என்று அவளும் ரகசியமாகச் சொன்னாள். "வாயைத் திறங்க."

திறந்தார். உள்ளே போயிற்று. கசப்பு காது வழியாக வெளியே வந்தது. கடையே குனிந்து பார்த்தது. ஹாப்குட் இரண்டையும் எடை போட்டார். படுத்தே கிடந்தால் அறை மிஞ்சும், கடை போகும். எழுந்தால் கடை மிஞ்சும்.

மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கூட்டத்திலிருந்து பெருமூச்சு கிளம்பியது. நின்றார். ஒரு கிழவி அழுதேவிட்டாள்.

"அப்புறம்?" என்றான் பன்றிக்காரன்.

"அப்புறம் என்ன? எந்திரிச்சுட்டேன்ல?"

"படுக்கையத் தூக்கிட்டு நடப்பார்னு போட்டிருக்கு."

ஹாப்குட் மனைவியைப் பார்த்தார். டாமரிஸ் கொல்லைக் கதவை ஏற்கெனவே திறந்து பிடித்திருந்தாள்.

குதிரைமயிர் சோபாவை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஆமைபோல் குனிந்து, ஒரு மருந்துக்காரர் போவதை டிட்டன்ஃபோர்டு அதற்கு முன் பார்த்ததில்லை. நடுமுற்றம் வரை ஆடி அசைந்துதான் போனார். அங்கே மூசாம்பரம் தன் வேலையைத் தொடங்கியது. ஹாப்குட் நின்றார். முகம் வெளுத்தது. பிறகு ஓடினார். சோபாவோடு ஓடினார். கொட்டகையில் அதைத் தள்ளிவிட்டு, கொல்லைக் கோடியில் இருந்த சின்னக் கதவுக்குள் மறைந்தார்.

"நடப்பார்னுதான் போட்டிருக்கு," என்றாள் பெக்லர் அம்மாள் கண்கலங்க. "ஓடுறாரே மனுஷன்."

ஒரு மணி நேரத்தில் இருந்த கஷாயமெல்லாம் விற்றுப்போயிற்று.

வியாழக்கிழமை மாமியார் பூனையோடு வந்து பின்னறையில் இறங்கினாள். கணப்பின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புகையிலை ஜாடியைப் பூனையின் பாலுக்கு எடுத்துக்கொண்டாள்.

"மாப்ளே, ஓடினீங்களாமே," என்றாள். "அதைக் குடிச்சா ஓடத்தான் செய்யணும். எங்க பண்ணையில வயிறு கட்டின குதிரைக்கு டாமரிஸ்தான் காய்ச்சுவா. கல்யாணமான புதுசுல உங்களுக்கும் அவதானே சொல்லிக் குடுத்தா. ஆல்ப்ஸ் துறவிய நான் பார்த்ததில்லை."

அதோடு போயிருந்தால் ஹாப்குட் பொறுத்திருப்பார். போகவில்லை. அடுத்த சந்தைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். நாங்கள் பார்க்கவில்லையே என்றார்கள்.

"அதுக்கென்ன, காட்டுவாரு," என்றாள் டாமரிஸ்.

அதிலிருந்து புதனுக்குப் புதன் அவர் சோபாவைத் தூக்கிக்கொண்டு சந்தை மேடையைச் சுற்றி வந்தார். கஷாயத்தைக் குடித்துவிட்டுத்தான் வந்தார். அதனால் வேகமாக வந்தார். அவர் குழாய் பிடிப்பது கொட்டகையில், தூங்குவது எங்குமில்லை என்று ஆயிற்று. கோடை முடிவதற்குள், ஒரு புதன்கிழமை, சோபாவைக் கீழே வைக்கும்போது முதுகில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

இந்த முறை நிஜம். நிமிர முடியவில்லை, குனிய முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. ஹாப்குட்டுக்கு இடுப்பு பிடித்தது என்று வெளியே தெரிந்தால் கடையை அன்றே மூடலாம். வியாழக்கிழமை முழுதும் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாவில் சாய்ந்து நின்றார். டாமரிஸ் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஊர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, சந்து வழியாகச் சுற்றி, பெல்லமி கடையின் பின்வாசலைத் தட்டினார்.

"ஒரு இடுப்புப் பிளாஸ்திரி," என்றார். "என் மாமியாருக்கு."

"உள்ளே வாங்க ஹாப்குட். யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். என் இருமல் மாத்திரை எனக்கே கேட்கிறதில்லை. என் வீட்டுக்காரி உங்க கடையிலதான் வாங்கிட்டு வரா."

பெல்லமி மேசைக்கு அடியில் கையை விட்டு, கட்டித் தயாராக இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"உங்க வீட்டம்மா போன வாரமே வாங்கி வச்சுட்டுப் போனாங்க. வியாழக்கிழமை பின்வாசல் வழியா வருவாருன்னு சொன்னாங்க," என்றார். "ஒரு நாள் தாமதமா வந்திருக்கீங்க."